256 வாட் அவர் பெட்டியும் அம்மாவின் நெபுலைசரும்

அம்மாவுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா). மழைக்காலம் வந்தால் இரவில் இரண்டு தடவையாவது நெபுலைசர், அதாவது மருந்தைப் புகையாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் கரண்ட் கருவி, போட வேண்டும். நாங்கள் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடி. கட்டடத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது, ஆனால் அது லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டருக்கும் மட்டும்தான்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். பகுதிகளை எழுத்து வாரியாகப் பிரித்து வெட்டியதால், எங்கள் பகுதிக்கு எந்த எழுத்து, எத்தனை மணிக்கு என்று பார்த்துத்தான் அம்மாவுக்கு மருந்து கொடுத்தோம். அப்போதாவது நேரம் முன்கூட்டியே தெரிந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கு இழுக்கத் தொடங்கியதும், பத்து நிமிட மருந்துப் புகைக்காக ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்த வாரமே, 230 வோல்ட் பிளக்கும் உள்ள, கையில் தூக்கக்கூடிய பற்றரிப் பெட்டி தேடத் தொடங்கினேன்.

முதலில் நடந்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் 'ஒரு லட்சம் மில்லி அம்பியர் அவர்' என்று எழுதியிருந்த பவர் பேங்க் ஒன்றை வாங்கினேன். இரண்டு போனை நிரப்பியதும் படுத்துவிட்டது. வீட்டில் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன், 620 கிராம். பிறகுதான் கணக்குப் போட்டேன். லித்தியம் செல் 3.7 வோல்ட். ஒரு லட்சம் மில்லி அம்பியர் அவர், அதாவது 100 அம்பியர் அவரை 3.7ஆல் பெருக்கினால் 370 வாட் அவர் (ஒரு வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடத் தேவையானது ஒரு வாட் அவர்). விரல் பருமனான நல்ல செல் ஒன்றில் 10 முதல் 12 வாட் அவர் இருக்கும், எடை 45 கிராமுக்கு மேல். அப்படியானால் செல் மட்டுமே ஒன்றரைக் கிலோ வர வேண்டும். 620 கிராமில் அது எப்படி இருக்கும்? பற்றரியைக் கையில் தூக்கிப் பாருங்கள். எழுத்தை நம்பாதீர்கள், எடையை நம்புங்கள்.

கடையில் கேட்க வேண்டியது வாட் அவர்தான். புறக்கோட்டையில் நான் இரண்டாவதாகப் போன கடையில், நாநா ஒருவர் ஒரு பெட்டியையும் எடுத்து வைக்காமல் முதலில், "தங்கச்சி, எதெதுக்குப் போடப் போறீங்க, அதைச் சொல்லுங்க" என்றார். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருவரும் எழுதினோம். நெபுலைசர் 150 வாட், ஒரு தடவை 12 நிமிடம், அதாவது 30 வாட் அவர். இரவுக்கு இரண்டு தடவை, 60. ரவுட்டர் 12 வாட், எட்டு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 100. ஒரு எல்ஈடி பல்பு 25. இரண்டு போன் 30. மொத்தம் 215.

256 வாட் அவர் பெட்டியில் 230 வோல்ட்டாக மாற்றும்போது ஏறக்குறைய 15 வீதம் வெப்பமாகப் போய்விடும். மிச்சம் 217. எங்கள் ஓர் இரவுக்குச் சரி. இந்தக் கணக்கில் ஃபான் இல்லை என்பதைக் கவனியுங்கள். 50 வாட் மேசை ஃபான் நான்கு மணி நேரம் ஓடினாலே 200 போய்விடும். அதற்கு, சார்ஜ் பண்ணும் சின்ன ஃபானைத் தனியாக வைத்திருக்கிறோம்.

இரண்டு பெட்டிகளை வைத்துப் பார்த்தேன். ப்ளூட்டி ஈபி3ஏ: 268 வாட் அவர், 600 வாட் வரை கொடுக்கும், 4.6 கிலோ. ஈகோஃப்ளோ ரிவர் 2: 256 வாட் அவர், 300 வாட், 3.5 கிலோ. இரண்டிலும் இருப்பது லித்தியம் இரும்பு பொஸ்பேட் செல். ரிவர் 2இன் செல் 3000 தடவை நிரப்பி வெறுமையாக்கிய பிறகும் 80 வீதம் மிஞ்சும் என்கிறார்கள். நான் இல்லாத நேரம் அம்மாவே தூக்கி வைக்க வேண்டும் என்பதால் ரிவர் 2ஐ எடுத்தேன். 600 வாட் வேண்டியவர்களுக்கு மற்றது நல்லது. ஆனால் கேத்தல், ரைஸ் குக்கர், அயன் பெட்டி இதெல்லாம் இரண்டிலும் நினைக்கவே வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அது நிரம்பும் வேகம். சுவர்ப் பிளக்கில் செருகினால் ஒரு மணி நேரத்தில் முழுதாக ஏறிவிடும். இரண்டு வெட்டுக்கு நடுவில் கரண்ட் கொஞ்ச நேரம் வந்து போனாலும் அடுத்ததற்குத் தயார். இன்னொரு விஷயம், ரவுட்டரின் அடாப்டரில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தால் அதைப் பெட்டியின் 230 வோல்ட் பிளக்கில் போடாதீர்கள்.  பற்றரியின் குறைந்த வோல்ட்டை 230 ஆக்கி மறுபடி 12க்கு இறக்குவதில் சத்து வீணாகிறது. பெட்டியில் உள்ள 12 வோல்ட் கார் சொக்கட்டில் இருந்து நேரே எடுக்கும் வயர் ஒன்று வாங்கினேன். செருகும் முன் பிளஸ், மைனஸ் பார்த்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் இருக்கும் மச்சான் அங்கிருந்து கொண்டு வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். 100 வாட் அவருக்கு மேற்பட்ட பற்றரிக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160ஐத் தாண்டினால் பயணிகள் கொண்டு வரவே முடியாது. அதோடு அங்கே விற்பது 120 வோல்ட் பெட்டி, நம் வீட்டில் 230. இங்கேயே வாங்குங்கள். உத்தரவாதத்தை யார் கொடுக்கிறார், எத்தனை வருடம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

போன ஏப்ரல் விடுமுறைக்குப் பெலிஹுல் ஓயாவில் ஆற்றோரம் கூடாரம் அடித்தோம். முன்பெல்லாம் அம்மா, "நீங்கள் போய்ட்டு வாங்கோ" என்று வீட்டிலேயே நின்றுவிடுவார். இந்த முறை வந்தார். இரத்தினபுரி வழியாகப் போகும் வரை பெட்டி வானின் கார் சொக்கட்டில் இருந்தது, இறங்கும்போது நூறு வீதம். சோலர் தகடும் கொண்டு போயிருந்தோம், ஆனால் மர நிழலில் அது 20 வாட்டைத் தாண்டவில்லை. மரத்தடியில் தங்குபவர்கள் அதை நம்பிப் போக வேண்டாம்.

விடியப்புறம் மூன்று மணிக்கு அம்மா என் தோளைத் தட்டினார். டோர்ச் தேடவில்லை, பெட்டியின் திரையே வெளிச்சம் காட்டியது. நெபுலைசரைச் செருகியதும் திரையில் 0 வாட் இருந்த இடத்தில் 146 வந்தது. மாஸ்க்கைப் பிடித்தபடி அம்மா சாய்ந்திருந்தார், வெளியே ஆற்றுச் சத்தம். முடிந்ததும் மூச்சு இறங்கி, "எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்று கேட்டார். 71 வீதம் என்றேன். "அப்ப நாளைக்கும் நிற்கலாம்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.