பேசின் அடைப்பான்: குழாய்க்குள் எதுவும் நிற்கக் கூடாது

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் புதிதாகப் பேசின் மாட்டினால் கூடவே வருவது பெரும்பாலும் அமுக்கு மூடிதான். ஒரு தடவை அமுக்கினால் மூடும், மறு தடவை அமுக்கினால் எழும்பும். கடையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக் குளியலறை, முடிதிருத்தும் கடை, சாப்பாட்டுக் கடைச் சமையலறை என்று மூன்று இடங்களில் நான்கு வகை அடைப்பான்களை மூன்று வருடத்துக்கு மேல் புழங்கிப் பார்த்ததில், அமுக்கு மூடி இரண்டு இடத்தில் கழற்றப்பட்டது. நெம்புகோல் வகை ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியது, கையால் தூக்கி வைக்கிற கனமான ஒரு வட்டு. ஹார்ட்வேர் கடைச் சாமான்களை வைத்தே அதைச் செய்துவிடலாம்.

பேசினில் தண்ணீரைத் தேக்கி வைக்கும் வேலை வாரத்துக்கு ஓரிரு தடவைதான் வரும். சவரம் செய்ய, கைக்குட்டை ஊறவைக்க, தண்ணீர் தடை அறிவிப்பு வந்த நாளில் கொஞ்சம் பிடித்து வைக்க. மற்ற நேரமெல்லாம் அது திறந்தே கிடக்கிறது. முடியும் சோப்பும் பல்பொடி நுரையும் தினமும் அதன் வழியாகத்தான் போகின்றன. ஆனால் கடையில் விற்கிற மூடிகள் எல்லாமே, எப்படி நளினமாக மூடுவது என்பதை யோசித்துச் செய்யப்பட்டவை. திறந்திருக்கும்போது அதே மூடி குழாய்க்கு நடுவில் எதை நிறுத்தி வைக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. பழுது அத்தனையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நெம்புகோல் வகையை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் திறக்கும் குழாய்க்குப் பின்னால் ஒரு கம்பி இருக்கும். மேலே இழுத்தால் மூடி இறங்கும். அதன் கீழே துளைகள் உள்ள ஒரு பட்டை, அதைப் பிடிக்க ஒரு திருகு, ஒரு வில் (ஸ்பிரிங்) கிளிப், கிடைமட்டமாக ஒரு கம்பி, அந்தக் கம்பியில் ஒரு பந்து, பந்துக்கு முன்னும் பின்னும் வாஷர், இறுக்க ஒரு மரை (நட்டு), கடைசியில் மூடி. ஒரு ஓட்டையை அடைக்க இத்தனை உறுப்பு. கிடைமட்டக் கம்பி வடிகுழாயின் நட்டநடுவில் குறுக்கே நிற்பதால், தேங்காய் எண்ணெய் தடவிய நீளமான முடி அதில் தோரணம் கட்டிக்கொள்ளும். பந்தைப் பிடிக்கும் மரையை இறுக்கினால் கம்பி முரண்டு பிடிக்கும், தளர்த்தினால் கீழே சொட்டும். இரண்டுக்கும் நடுவில் சரியான இறுக்கம் ஒன்று உண்டு. வாஷர் தேயத் தேய அதுவும் நகர்ந்துவிடும். சொட்டுவது ஒளிந்திருக்கும் பக்கம் என்பதால், பேசினுக்குக் கீழே உள்ள அழுத்துப்பலகை அலமாரி ஊதிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

இந்த வகையைக் கழற்றும்போது பேசின் வடிகாலையே மாற்ற வேண்டியதில்லை. கம்பியை உருவிவிட்டு, பக்கவாட்டுத் துளையில் 3 மி.மீ. நைட்ரைல் (எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பர்) வட்டு ஒன்று, அதன்மேல் ஓட்டையில்லாத உலோக வட்டு ஒன்று, பிறகு பழைய மரை. கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று போதும். சிலிகானைப் பிதுக்கி அடைப்பது சில மாதம் தாங்கும், பிறகு ஓரம் பிரியும்.

அமுக்கு மூடியில் உறுப்புகள் குறைவு, அதை மறுக்கவில்லை. நடுவில் ஒரு தண்டு, அதற்குள் ஒரு வில், மேலே தொப்பி. பிரச்சினை இரண்டு. தண்டு நிற்கும் இடமும் குழாயின் நடுதான். முடி அதைச் சுற்றிச் சுற்றி ஏறும், அழுக்கு வில்லுக்குள் புகும், அமுக்கினால் நிற்காமல் மறுபடி எழும்பும். அடுத்தது எழும்பும் உயரம். ஒரு வட்ட வாயில் தண்ணீர் தடையில்லாமல் இறங்க, மூடிக்கும் வாய்க்கும் இடையே வாயின் விட்டத்தில் நாலில் ஒரு பங்கு இடைவெளி வேண்டும். 32 மி.மீ. வாய்க்கு 8 மி.மீ. என்பது கணக்கு. சுத்தமான தண்ணீருக்கு அது சரி. தொப்பிக்கு அடியில் 1 மி.மீ., வாய் விளிம்பில் 1 மி.மீ. சோப்புப் படிவு ஏறினால் மிச்சம் 6 மி.மீ.; வழியில் நாலில் ஒரு பங்கு போய்விட்டது. அதற்குமேல் முடி.

தண்ணீர் தடை முடிந்து முதலில் வருகிற செம்மண் நிறத் தண்ணீர் இந்த மூடிக்கு இன்னொரு எதிரி. அதிலுள்ள நுண்மணல் தொப்பியின் ரப்பர் வளையத்தில் உட்கார்ந்துவிடும். அன்றிலிருந்து மூடினாலும் தண்ணீர் மெல்ல இறங்கும். மூடி பழுது என்று நினைத்துப் புதிது வாங்குகிறவர்கள் உண்டு. தொப்பியை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றி, வளையத்தை விரலால் தடவிக் கழுவினாலே பாதிக் கேஸ் சரியாகிவிடும். தொப்பியோடு தண்டும் சேர்ந்து சுற்றினால் தண்டைத் துணி சுற்றிய குறட்டால் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் மாதம் ஒரு தடவை கழுவினால் போதும். முடிதிருத்தும் கடையில் வாரம் ஒரு தடவைகூடப் போதவில்லை.

சங்கிலி கட்டிய ரப்பர் அடைப்பானைப் பழசு என்று யாரும் வாங்குவதில்லை, ஆனால் யோசனை என்று பார்த்தால் அதுதான் சரியானது. குழாய்க்குள் ஒன்றுமில்லை, தேவைப்பட்டால் வை, இல்லையென்றால் எடு. (பெஸ்தாரி ஜெயாவின் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. பெர்ஜுந்தை என்றால் மலாயில் தொங்குவது. சங்கிலி அடைப்பானுக்குப் பொருத்தமான ஊர்தான்.) அதன் குறை சங்கிலியும் ரப்பரும். சங்கிலி பேசினைப் பிடிக்கும் இடத்தில் துருவேறி அறும். இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதும். வட்டம் கோணிக்கொண்டு ஓரம் அலை அலையாகிவிடும். சுற்றிலும் ரப்பர் மரம் நின்ற இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. தோட்டத்தில் ரப்பரைத் துரத்திய செம்பனை, எண்ணெயாகி வந்து சமையலறைச் சிங்க்கிலும் அதையே செய்கிறது.

ஆக, சங்கிலி அடைப்பானின் யோசனையை வைத்துக்கொண்டு, எண்ணெய் தாங்கும் ரப்பரும் தானாக உட்காரும் கனமும் சேர்த்தால் வேலை முடிந்தது. அளவுகள் உங்கள் பேசினைப் பொறுத்து மாறும். முதலில் மூன்றை அளந்துகொள்ளுங்கள்: வடிகாலின் உலோக வாயின் உள்விட்டம், அதன் விளிம்புத் தட்டின் வெளிவிட்டம், வாயிலிருந்து உள்ளே உள்ள குறுக்குக் கம்பி வரை ஆழம். அமுக்கு மூடியை எடுத்துவிட்டுச் செய்வதானால் தண்டைக் கழற்றிய பிறகு அளக்க வேண்டும். வாய் 40, விளிம்பு 62, ஆழம் 15 மி.மீ. என்று வைத்துக்கொண்டு கீழே உள்ள கணக்கு.

கீழிருந்து மேலாகச் சொன்னால்: முழு நீளமும் மரை வெட்டிய எம்6 (6 மி.மீ. தடிமன்) ஸ்டெயின்லெஸ் போல்ட், 35 மி.மீ. நீளம், தலை கீழே. அதன்மேல் நைலான் வட்டு, விட்டம் 34, தடிமன் 8. அதற்கு மேல் 3 மி.மீ. நைட்ரைல் ஷீட்டில் வெட்டிய 54 மி.மீ. வட்டு. பிறகு 45 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள ஸ்டெயின்லெஸ் வட்டு இரண்டு. நைலான் வளையம் உள்ள பூட்டு மரை. கடைசியில் எம்6 மரை உள்ள உருண்டைப் பிடி. 45 மி.மீ. வட்டு கடையில் கிடைக்காவிட்டால் கடைசல் பட்டறையில் வெட்டித் தருவார்கள். ஓரத்தை அரம் போட்டு மழுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ரப்பரையும் விரலையும் அறுக்கும்.

நைலான் வட்டும் போல்ட் தலையும் சேர்ந்து 12 மி.மீ.; குறுக்குக் கம்பிக்கு மேல் 3 மி.மீ. இடைவெளி மிஞ்சும். இந்த இடைவெளி கட்டாயம். தலை கம்பியில் முட்டினால் ரப்பர் விளிம்பில் உட்காராது, எவ்வளவு கனம் வைத்தாலும் ஒழுகும். நைலான் வட்டு தண்ணீரை அடைப்பதற்காக இல்லை, அடைப்பான் பக்கவாட்டில் வழுக்காமல் இருப்பதற்காக. அது இல்லாமல் செய்தால், பேசினில் கை அலசும்போது வட்டு நகர்ந்து பாதித் தண்ணீர் போய்விடும்.

உலோக வட்டு வாயைவிட 5 மி.மீ. பெரிதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. வாயளவே இருந்தால் தண்ணீர்ப் பாரத்தில் ரப்பர் உள்ளே தொய்யும். ரப்பர் வட்டு அதையும் தாண்டி ஓரத்தில் நாலரை மி.மீ. நீண்டு நிற்பது, சற்றே குழிந்த விளிம்புத் தட்டில் படிந்துகொள்ள. அதனால் ஷீட் மென்மையான ரகமாக இருக்க வேண்டும். விரலால் மடித்தால் முரண்டு பிடிக்கும் கெட்டி ஷீட் குழிவில் படியாது.

கனத்தைப் பற்றி. 45 மி.மீ. ஸ்டெயின்லெஸ் வட்டு ஒன்று ஏறக்குறைய 37 கிராம். இரண்டு வட்டு, போல்ட், பிடி எல்லாம் சேர்த்து நூறு கிராமை ஒட்டி வரும். முதல் சில விநாடிகளுக்கு மட்டுமே இந்தக் கனம் தேவை. தண்ணீர் ஏறிவிட்டால் அதன் பாரமே அழுத்தும்: 10 செ.மீ. ஆழத்தில், அடைப்பு விழும் வட்டம் 50 மி.மீ. என்று கொண்டால், கிட்டத்தட்ட 200 கிராம். ஆகவே தூக்க 300 கிராம் பலம் போதும், சின்னப் பிள்ளையும் இரண்டு விரலால் எடுக்கும். ஆனால் சோப்புக் கை வழுக்கும். பிடியின் தலை 20 மி.மீ., கழுத்து 10 மி.மீ. இருந்தால் விரல் அடியில் கொக்கி போலப் பிடித்துக்கொள்ளும். நேரான உருளைப் பிடி வேண்டாம்.

கூம்பு வடிவில் செய்து பார்க்க ஆசை வரும். வாய்க்குள் இறங்கி நன்றாக அடைக்கும், அது உண்மை. ஆனால் ரப்பருக்கு உலோகத்தின் மேல் உராய்வு அதிகம். கூம்பின் சரிவு குறைவாக இருந்தால் ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது இழுத்தால் வராது, பிடி மட்டும் கையோடு வரும். தட்டையாக உட்கார்வதே மேல்.

பூட்டு மரையை விட்டுவிட்டுச் சாதாரண மரை போட்டால் சில வாரத்தில் பிடி ஆடத் தொடங்கும். ஆட்கள் நேராகத் தூக்குவதில்லை, லேசாகத் திருகித்தான் தூக்குகிறார்கள். துத்தநாகம் பூசிய வாஷர் மலிவு. இரண்டு மாதத்தில் வெள்ளைப் பொடி, பிறகு பீங்கானில் பழுப்பு வளையம். ஸ்டெயின்லெஸ்ஸில் 304 ரகமே வாங்குங்கள். காந்தம் வைத்துப் பார்த்தால் ஒட்டக் கூடாது. வெட்டிய ஓரத்தில் மட்டும் லேசாக இழுத்தால் பயமில்லை.

சோதனை எளிது. முக்கால் பேசின் நிரப்பி, தண்ணீர் மட்டத்தில் பென்சில் கோடு ஒன்று போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். 5 மி.மீ. இறங்கினால் கை கழுவவும் சவரத்துக்கும் தாராளம். அதற்குமேல் இறங்கினால் ரப்பருக்கு அடியில் மணலா, விளிம்பில் பழைய சிலிகான் துணுக்கா என்று பாருங்கள், பெரும்பாலும் இரண்டாவதுதான்.

வடிகாலையே மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேசினின் மேல்பக்கம் வழிவு ஓட்டை இருந்தால் பக்கத்தில் பிளவு உள்ள வடிகால்; ஓட்டை இல்லாத பேசினுக்குப் பிளவில்லாதது. மாற்றிப் போட்டால் முதல் வகையில் வழிவுத் தண்ணீர் போக்கிடம் இல்லாமல் உள்ளேயே நாறும். இரண்டாவதில் பிளவு வழியாக வெளிவரும் தண்ணீர் அடிவாஷரைத் தேடி ஒழுகும். அடிமரையைக் கையால் இறுக்கிய பிறகு அரைச் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். பீங்கான் எச்சரிக்கை தராமல் விரிசல் விடும்.

இந்த அடைப்பானின் பாதகத்தையும் சொல்லியாக வேண்டும். முன்பு தண்டில் சிக்கிய முடி இப்போது தடையில்லாமல் கீழே போகிறது, அதாவது பேசினுக்கு அடியில் தண்ணீரைத் தேக்கி நாற்றத்தைத் தடுக்கும் பாட்டில் டிராப்புக்கு. வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அடிக்கிண்ணத்தைத் திருகிக் கழற்றிக் கொட்ட வேண்டும். அடியில் வாளி, மாட்டும்போது வாஷர் மடங்கவில்லையா என்று ஒரு பார்வை. கழற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது, தண்டில் சிக்கிய முடியை ஊசியால் நோண்டுவதைவிட இது எவ்வளவோ தேவலை. டிராப்புக்குப் பதில் மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் ஹோஸ் வளைத்து மாட்டியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஒவ்வொரு மடிப்பும் ஒரு அழுக்குப் பள்ளம். முடிதிருத்தும் கடையில் வாயின் மேல் தனி வடிகட்டி வலை வைத்தே ஆக வேண்டும், அடைப்பான் எதுவானாலும் சரி.

சமையலறைச் சிங்க் வேறு கதை. அதன் வாய் பெரிது, 3½ அங்குலக் கூடை வடிகட்டி. கூடையின் நடுத்தண்டில் உள்ள பிளாஸ்டிக் கவ்வி தேய்ந்ததும் கூடை நிற்காது, தண்ணீர் தேங்காது. கவ்வியைத் தேடி அலைவதைவிட, வாயை மூடும் அளவு தட்டையான சிலிகான் வட்டு ஒன்றை வாங்கிப் போடுங்கள். கொதிக்கும் கஞ்சித் தண்ணீரும் குழம்பு எண்ணெயும் அதை ஒன்றும் செய்யாது. வெளுப்புத் திரவத்தை மட்டும் ஸ்டெயின்லெஸ் சிங்க்கில் ஊற்றி ஊறவிடாதீர்கள், ஊசிப்புள்ளியாகக் குழி விழும்.

பேசின் வட்டின் நைட்ரைல் ஷீட் குளியலறை நிழலில் இருக்கும்வரை பிரச்சினை தரவில்லை. ஜன்னலோர பேசினில், வெயில் விழும் இடத்தில், ஓரத்தில் நுண்ணிய வெடிப்பு வந்தது; அங்கே அதற்குப் பதில் சிலிகான் ஷீட் போடப்பட்டது. சிலிகானுக்கு வெயில் பொருட்டில்லை, ஆனால் வெட்டும்போது ஓரத்தில் சின்னக் கீறல் விழுந்தாலும் அங்கிருந்து கிழியத் தொடங்கும். கத்தரிக்கோல் வேண்டாம், புதுப் பிளேடும் வட்டத் தகடும் வைத்து ஒரே சுற்றில் வெட்டுங்கள். கழற்றிய அடைப்பானைத் தொங்கவிடக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கொக்கி ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அது சோப்புப் பெட்டிக்கு அடியிலோ பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானிலோதான் கிடக்கும்.