பிடி4115: ஸ்ட்ரோப் லைட்டுக்கு வாங்கலாமா?

நூற்பாலைகளில் ஸ்பிண்டில் (நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்) வேகம் பார்க்கிற எல்இடி ஸ்ட்ரோப் லைட் கட்டிக் கொடுக்கிறேன், பட்டறை மதுரை கே.புதூரில். ஒரு சுற்றுக்கு ஒரு முறை மின்னினால், ஸ்பிண்டிலில் போட்ட குறி நின்றதுபோல் தெரியும். இரண்டு வருடமாக அதில் நான் போடும் டிரைவர் ஐசி, அதாவது எல்இடிக்குப் போகும் கரண்டை அளவாக வைக்கும் சிப், பிடி4115. டவுன்ஹால் ரோட்டில் ஒன்று 15 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கலாம், தாராளமாக. ஆனால் சூட்டுக் கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

அதற்கு முன்னால் மாஸ்ஃபெட்டை (ஒரு வகை டிரான்சிஸ்டர்) வைத்து லீனியராகத்தான் ஓட்டினேன், அதாவது மிஞ்சும் வோல்டேஜைச் சூடாக்கிக் கழிக்கும் முறை. 12 வோல்ட் பேட்டரி, 1 ஆம்பியர். எல்இடி 3.4 வோல்ட் எடுத்ததுபோக மீதி 8.6 வோல்ட் மாஸ்ஃபெட் தலையில், அதாவது 8.6 வாட் சூடு. ஆனால் 18,000 ஆர்பிஎம் ஸ்பிண்டிலுக்கு செகண்டுக்கு 300 ஃபிளாஷ், ஒவ்வொன்றும் 100 மைக்ரோசெகண்ட். நூற்றுக்கு 3 பங்கு நேரம்தான் எரிகிறது, சராசரி கால் வாட். தொட்டால் சூடே தெரியாது. ஹீட் சிங்க் (சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் துண்டு) இல்லாமலே கொடுத்துவிட்டேன்.

சித்திரை வெயிலில் திருமங்கலம் பக்கத்து மில்லிலிருந்து ஒரு லைட் திரும்பி வந்தது. மாஸ்ஃபெட் வெடித்து, அடியில் போர்டு காபித்தூள் நிறத்தில் கருகியிருந்தது. "அண்ணே, மெஷினுக்கு அடியில இருட்டா இருந்துச்சு, டார்ச்சு மாதிரி எரியவிட்டேன்" என்றார் ஃபிட்டர். அவர் மேல் தப்பே இல்லை. டார்ச் சுவிட்சை வைத்தவன் நான். அதைப் போட்டால் 8.6 வாட்டும் முழுசாக இறங்கும் என்று நான்தான் பார்த்திருக்க வேண்டும். ஃபிளாஷை நீளமாக்கினாலும் இதே ஆபத்துதான். சில மில்லிசெகண்டிலேயே உள்ளே சிலிக்கானில் சூடு ஏறிவிடும், சராசரிக் கணக்கில் அது தெரியாது.

பிடி4115 சுவிட்சிங் வகை, அதாவது காயில் வழியாக வேகமாகப் போட்டு அணைத்துக் கரண்ட் கொடுப்பது; மீதி வோல்டேஜை எரித்துத் தள்ளாது. 0.1 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 1 ஆம்பியர். நான் போட்ட காயில் 47 மைக்ரோஹென்றி. டார்ச்சில் அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன். ஐசி மேல் விரல் வைக்க முடிந்தது, பக்கத்து ஷாட்கி டயோடில் முடியவில்லை! 12 வோல்ட்டை 3.4க்கு இறக்கும்போது மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஐசி அணைந்திருக்கும், அப்போது காயில் கரண்ட் டயோடு வழியாகத்தான் ஓடுகிறது. ஐசிக்கு மட்டும் போர்டில் காப்பரை அகலமாக விட்டு டயோடை மூலையில் நெருக்காதீர்கள். ஐசியின் அடித்தகடு கிரவுண்ட்; அதற்குக் கீழே ஈயம் முழுசாக ஓடியிருக்க வேண்டும். டேட்டாஷீட் எண்கள் பெரும்பாலும் 25 டிகிரிக்கானவை, மே மாதம் என் பெட்டிக்குள் 60 இருந்தது.

குறை ஒன்று உண்டு. ஃபிளாஷ் அணையும்போது காயிலில் மிச்சமுள்ள கரண்ட் அடங்க ஏறக்குறைய 12 மைக்ரோசெகண்ட் ஆகிறது. 100 மைக்ரோசெகண்டில் ஸ்பிண்டில் 11 டிகிரி திரும்பிவிடும். இந்த வால் இன்னும் 1 டிகிரி சேர்க்கிறது. குறியின் ஓரம் லேசாகக் கலங்கும், மில் வேலைக்கு அது போதும். 10 மைக்ரோசெகண்ட் ஃபிளாஷ் வேண்டுமென்றால் இதை இப்படியே போடாதீர்கள். எல்இடிக்குக் குறுக்கே ஒரு மாஸ்ஃபெட் வைத்து கரண்டைத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் நல்ல ஹீட் சிங்க்கோடு பழைய லீனியருக்கே போங்கள், டார்ச் சுவிட்ச் இல்லாமல்.