டாட்டூ கடைக்கு ஆன்லைன் புக்கிங் போட்டு ஏமாந்த கதை

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில டாட்டூ கடை வச்சிருக்கேன். ஊசி ஓடிக்கிட்டிருக்கும்போது போன் வந்தா கிளவுஸைக் கழட்டணும், பேசி முடிச்சு புது ஜோடி மாட்டணும். இந்தத் தொல்லை தீரட்டும்னுதான் ஆன்லைன் புக்கிங்ல ஆசை வந்துச்சு.

தெரிஞ்சவர் மூலமா ஒரு தம்பி வந்தான். "கஸ்டமரே நேரத்தைப் பார்த்துப் போட்டுக்கிடுவாவ அண்ணாச்சி, நீங்க ஊசியைப் பிடிச்சாப் போதும்"னான். டெமோ பளபளன்னு இருந்துச்சு. பேசினது 45,000. முப்பதாயிரம் அன்னைக்கே ஜீபேல போட்டேன், மீதி சைட் ஓட ஆரம்பிச்ச அன்னைக்கு. பேப்பர்ல ஒரு வரி எழுதிக்கல, அது என் முட்டாள்தனம்.

முதல் வாரமே விடியக்காலம் அஞ்சரைக்குப் போன். அம்பாசமுத்திரத்துப் பையன். "அண்ணாச்சி, கடை வாசல்ல நிக்கேன். ஷட்டர் பூட்டிக் கிடக்கே?" அவன் போட்டது பகல் 11 மணி. மெசேஜ்ல வந்தது காலை 5:30. நான்தான் நேரத்தை மாத்திட்டேன்னு நெனச்சு பைக்கை எடுத்துட்டு வந்துட்டான். சர்வர் நேரத்தை யூடிசியில, அதாவது உலகப் பொது நேரத்துல வச்சுக்கிடும், நம்ம நேரம் அதைவிட அஞ்சரை மணி நேரம் கூட. அந்த அஞ்சரையைக் கூட்டாம மெசேஜ் போயிருக்கு. டீ வாங்கிக் கொடுத்தா, பையன் போனை நீட்டுதான்: "உங்கள் ஃபேஷியலுக்கான நேரம் உறுதி செய்யப்பட்டது." "இங்க ஃபேஷியலும் உண்டுமா அண்ணாச்சி?" யாரோ பியூட்டி பார்லருக்குச் செஞ்சதைப் பேரை மாத்தி என் தலையில கட்டியிருக்கான்.

அப்புறம் நோண்டிப் பார்த்தா எல்லாத்துக்கும் ஒரே ஒரு மணி நேரம். மணிக்கட்டுல பேர் எழுத அரை மணி நேரம் போதும். ஃபுல் ஸ்லீவ், அதாவது கை முழுக்க டாட்டூன்னா பல சிட்டிங், நடுவுல தோல் ஆற மூணு நாலு வாரம் விடணும். ஒருத்தர் எந்திரிச்சதும் பெட்டைத் துடைச்சு, மிஷின் கவர் மாத்தி, அடுத்த டிசைனோட அச்சுத்தாளை (ஸ்டென்சில்) ஒட்டவே அரை மணி நேரம் ஆகும். அதுக்கு இடைவெளியே கிடையாது. பழைய பச்சையை மறைக்கணும்னு வாறவங்க போட்டோ அனுப்ப வழியில்ல. வயசும் கேக்கல, பதினெட்டு ஆகாத பிள்ளைய கூட புக் பண்ணிருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு ரெண்டு பேரு வந்து நிக்காங்க. ஒருத்தர் பணம் கட்டிக்கிட்டிருக்கும்போது அந்த நேரத்தை அடுத்தவருக்குக் காட்டாம பூட்டி வைக்கணும், அதைச் செய்யல. ஒரே ஒருநாள் என் கடையில வந்து உக்காந்திருந்தா இதுல முக்கால்வாசி அவனுக்கே புரிஞ்சிருக்கும்.

இதெல்லாம் கூடச் சரிபண்ணிரலாம். பணக் கதையைக் கேளுங்க. புக்கிங் அட்வான்ஸ் 500 ரூபா. "வேற யாரோ பேர் காட்டுதே"ன்னு ஒரு கஸ்டமர் கேட்ட பிறகுதான் தெரிஞ்சுது, ஆன்லைன்ல பணம் வாங்குற பேமென்ட் கேட்வே அவன் கணக்குல இருக்கு. 14 பேரு, 7,000 ரூபா. கேட்டா மெயின்டனன்ஸ்ல கழிச்சுக்கிட்டேங்கான். டொமைனும், அதான் சைட்டோட முகவரியும், அவன் பேர்லதான். சத்தம் போட்டேன், மறுநாள் சைட்டே இல்ல. புக் பண்ணவங்க நம்பரும் அதோட போச்சு.

யாராவது செய்யச் சொல்லுறதா இருந்தா டொமைன், சர்வர், கேட்வே மூணையும் உங்க மெயில்ல, உங்க பேங்க் கணக்குல போடச் சொல்லுங்க. ரெண்டு போனை வச்சு ஒரே நேரத்தை ஒண்ணா அமுக்கிப் பாருங்க. ஒரு மாசம் ஓடின பிறகு கடைசிப் பணம். பிழைப்புக்குத் தொழில் செய்யுறவங்களும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், நாம கொடுத்த பணம் அஞ்சு லட்சம் வரைக்கும்னா புகார் கொடுக்கக் கட்டணம் இல்ல. முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணி புகாரைப் பதிஞ்சிருக்கேன்.

இப்பம் பழையபடி நோட்டுதான். 12 பேருக்கு அந்த 500-ஐக் கழிச்சே குத்தி விட்டுட்டேன். மீதி ரெண்டு பேரு யாருன்னே தெரியல. இதைப் படிச்சா வாங்க, மெசேஜைக் காட்டினாப் போதும். ஃபேஷியல்னு போட்டிருந்தாலும் பரவால்ல.