நிறுத்தி வைத்த காருக்கு சிடெக் எம்எக்ஸ்எஸ் 5.0 சார்ஜர்: எது தீரும், எது தீராது

ஒன்றிரண்டு மாதம் ஓடாமல் நின்ற காரில் சாவியைத் திருப்பினால் சில நேரம் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வரும். சில நேரம் இன்ஜின் இழுத்து இழுத்து இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடும். டேஷ்போர்டில் செக் இன்ஜின், ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஏர்பேக் என எல்லா எச்சரிக்கை விளக்குகளும் சேர்ந்து எரியும். இன்ஜினோ, அதை இயக்கும் கணினியான ஈசியூவோ போய்விட்டது என்று பயந்து வண்டியைக் கட்டி இழுத்துப் போகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் அங்கே போயிருப்பது பேட்டரியின் வோல்டேஜ்தான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்டேஜ் 9.6-க்குக் கீழே சரிந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒவ்வொன்றும் தடுமாறி ஒரு பிழைக் குறியீட்டைப் பதிந்துவைக்கும். சம்பந்தமில்லாத நான்கு பாகங்கள் ஒரே நாளில் கெட்டதாகத் தெரிந்தால் முதலில் பேட்டரியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கார் பூட்டி நின்றாலும் அலாரம், ரிமோட் ரிசீவர், கடிகாரம், கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் நினைவகம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. 50 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு); 45 ஆம்பியர்-அவர் பேட்டரியில் மூன்று வாரத்துக்குள் பாதி காலி. சார்ஜ் குறைந்த நிலையில் பேட்டரி நீண்ட நாள் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு முழுதாகத் திரும்பாது. பேட்டரி இறக்கிறது என்பதைவிட, சார்ஜ் இல்லாமல் கிடந்தே அதன் ஆயுள் போகிறது என்பதுதான் சரி.

இந்த இடத்துக்காகச் செய்யப்பட்டதுதான் ஸ்வீடன் நிறுவனமான சிடெக்கின் எம்எக்ஸ்எஸ் 5.0. 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகளுக்கானது. அதிகபட்சம் 5 ஆம்பியர் கொடுக்கும். 1.2 முதல் 110 ஆம்பியர்-அவர் வரை சார்ஜ் செய்யலாம், 160 வரை பராமரிப்பில் வைத்திருக்கலாம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான பெட்டி, தூசியும் நீர்த்தெறிப்பும் உள்ளே போகாத ஐபி65 தரம். பெட்டியோடு ஒரு ஜோடி கிளாம்பும், பேட்டரி முனையில் நிரந்தரமாக முடுக்கிவிடக்கூடிய வளையக் கம்பி ஒன்றும் வரும். அந்த வளையக் கம்பியை முதல் நாளே பொருத்திவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கிளாம்பைத் தேடிப் பிடித்து மாட்டும் வேலை இருந்தால் இரண்டாவது மாதத்திலேயே அலுப்பு வந்து சார்ஜர் அலமாரிக்குப் போய்விடும்.

பழைய வகை சார்ஜர்கள் ஒரே வோல்டேஜைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மறந்து விட்டால் பேட்டரித் தண்ணீர் கொதித்துப் போகும். இது எட்டுப் படிகளாக வேலை செய்கிறது. முதலில் துடிப்புகளால் சல்பேட் படிவை உடைக்க முயலும், பிறகு மென்மையாகத் தொடங்கி முழு மின்னோட்டத்தில் ஏற்றும், கடைசி இருபது சதவீதத்தை மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே நிரப்பும். ஐந்தாவது படிதான் எனக்கு மிகப் பிடித்தது. சார்ஜிங்கைச் சில நிமிடம் நிறுத்திவிட்டு, ஏறிய சார்ஜ் நிற்கிறதா என்று பார்க்கும். நிற்காவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். இணைப்பில் தவறு இல்லாதபோது அது எரிந்தால், பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்; திரும்பத் திரும்ப சார்ஜ் போட்டுப் பயனில்லை. ஆறாவது படியான ரீகண்டிஷன் (அடியோடு இறங்கிய பேட்டரியை மீட்க முயல்வது) விருப்பத்தேர்வு. ஏழில் 13.6 வோல்ட்டில் மிதக்க விடும். எட்டில் பேட்டரியைக் கவனித்துக்கொண்டே இருந்து, குறையும்போது மட்டும் ஒரு துடிப்பு கொடுக்கும். மாதக்கணக்கில் மாட்டி விட்டுவிடலாம் என்பது இந்த இரண்டு படிகளால்தான்.

பயன்முறைத் தேர்வில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். கார் படம் போட்ட முறை 14.4 வோல்ட், சாதாரண பேட்டரிக்கு. பனித்துளி படம் போட்டது 14.7 வோல்ட், குளிர் நேரத்துக்கும், பெரும்பாலான ஏஜிஎம் பேட்டரிக்கும் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் தேக்கி வைத்த மூடிய வகை). ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள காரில் ஏஜிஎம் இருக்க வாய்ப்பு அதிகம், பேட்டரி மேலுள்ள லேபிளைப் படித்துப் பாருங்கள். ஏஜிஎம்மை 14.4-லேயே வைத்தால் கெட்டுவிடாது, ஆனால் முழுதாக நிரம்பாது. பைக் படம் 0.8 ஆம்பியர் மட்டுமே. தெரியாமல் அதில் விட்டுவிட்டு "இரண்டு நாளாகியும் ஏறவில்லை" என்பவர்கள் உண்டு. ரீகண்டிஷன் முறை 15.8 வோல்ட் வரை போகும். அடியோடு இறங்கிப்போன, தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரிக்கு அது உதவும். ஆனால் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் பாகம்) வழக்கமாகத் தருவதைவிட அது அதிகம் என்பதால், நெகட்டிவ் முனையைக் கழற்றி பேட்டரியைக் காரிலிருந்து பிரித்த பிறகே அந்த முறையைத் தொடுங்கள். அப்படிக் கழற்றினால் ஜன்னல் கண்ணாடி, ஐடிலிங் போன்றவற்றின் அமைப்புகளைச் சில கார்களில் மீண்டும் பழக்க வேண்டியிருக்கும்.

மாட்டும் வரிசை: சிவப்பு கிளாம்ப் பாசிட்டிவில், கறுப்பு கிளாம்ப் பேட்டரியிலிருந்தும் பெட்ரோல் குழாயிலிருந்தும் தள்ளி, பெயிண்ட் இல்லாத இன்ஜின் அல்லது பாடி இரும்பில். கடைசியாகத்தான் சுவர் பிளக். கழற்றும்போது முதலில் சுவர் பிளக். நெகட்டிவ் முனையில் சின்னக் கறுப்புப் பெட்டி போல பேட்டரி சென்சார் இருந்தால், கறுப்பு கிளாம்பை நேரே முனையில் மாட்டக் கூடாது. மாட்டினால் ஏறிய சார்ஜ் காருக்குக் கணக்கில் வராது. டிக்கியில் பேட்டரி இருக்கும் காரில் பூட்டும் மின்சாரத்தில் இயங்கும். பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் டிக்கியே திறக்காமல் போகலாம். பானெட்டுக்குக் கீழே தனி இணைப்பு முனை எங்கே என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

குறைகளும் உண்டு. வோல்டேஜை எண்ணாகக் காட்டும் திரை இல்லை, விளக்குகள்தான். 5 ஆம்பியர் என்பதால் காலியான 60 ஆம்பியர்-அவர் பேட்டரிக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது பிடிக்கும். 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிய பேட்டரியை அது அடையாளமே காணாது. லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு இது கூடாது, அதற்கென்று தனி மாடல் இருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, நிறுத்துமிடத்தில் பிளக் பாயின்ட் இல்லாதவருக்கு இது பயன்படாது. அவர்களுக்கு நெகட்டிவ் முனையைக் கழற்றி வைப்பதே எளிது. காரின் மின்கசிவு நின்றுவிடும்; பேட்டரி தானாக இறங்குவது மட்டும் தொடரும், அது மிக மெதுவானது.

இவ்வளவுக்குப் பிறகும் இதை வாங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் பேட்டரி இல்லை, இன்ஜின். "வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து விடு" என்ற அறிவுரை பேட்டரி பயத்தில் பிறந்தது. நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடிய இன்ஜினில் கூலன்ட் சூடாகும், ஆயில் சூடாகாது. எரிப்பில் உருவாகும் நீராவியும், குளிர்ந்த இன்ஜினுக்கு அதிகமாகத் தெளிக்கப்படும் பெட்ரோலும் ஆயிலில் கலந்து அங்கேயே தங்கும். சைலன்சருக்குள் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். வாராவாரம் இதைச் செய்வதைவிட ஸ்டார்ட் செய்யாமல் விடுவதே இன்ஜினுக்கு நல்லது. செய்தால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும். பராமரிப்பு சார்ஜர் மாட்டியிருந்தால் அந்தப் பத்து நிமிட வழக்கத்தை மனக்குறையின்றி விட்டுவிடலாம். பேட்டரி முழுதாக இருக்கிறது என்று உறுதியானால் பழுது தேடும் வேலையும் பாதியாகிவிடும். நன்றாகச் சுற்றியும் பற்றாவிட்டால் அது எரிபொருள், தீப்பொறி, எலி கடித்த வயர் இவற்றில் ஒன்று.

எரிபொருள் விஷயத்தில் சார்ஜர் கையாலாகாதது. பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும், குளிர்ந்த இன்ஜினைப் பற்றவைப்பது அந்தப் பகுதிதான். மீதி காற்றோடு வினைபுரிந்து பிசினாகி இன்ஜெக்டரிலும் பம்பிலும் ஒட்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் உறிஞ்சும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அங்கிருந்துதான். பிரிந்த பிறகு எந்த மருந்து ஊற்றியும் பயனில்லை, டேங்க்கைக் காலி செய்துதான் ஆக வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் டேங்க்கை முக்கால்வாசிக்கு மேல் புதுப் பெட்ரோலால் நிரப்பி, அதிலேயே ஃப்யூயல் ஸ்டெபிலைசர் (பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் காக்கும் திரவம்) ஊற்ற வேண்டும். ஸ்டா-பில் ஸ்டோரேஜ் வகைக்கு ஏறக்குறைய 10 லிட்டருக்கு 30 மில்லி, 40 லிட்டர் டேங்க்குக்கு 120 மில்லி. ஊற்றியதும் சில கிலோமீட்டர் ஓட்டினால்தான் அது இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும். கெட்ட பெட்ரோலை நல்லதாக்கும் என்று எண்ணிப் பிறகு ஊற்றுவது வீண். டீசல் காருக்கு டீசலுக்கான வகையே வேண்டும். அதில் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரைத் திறந்துவிடுவதும் அவசியம்.

நீண்ட நாளுக்குப் பிறகு முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியையும் வயர்களையும் பாருங்கள். எலிக் கூடு இருந்தால் ஃபேனும் பெல்ட்டும் அதை இழுத்துக்கொள்ளும். ஆயில், கூலன்ட் அளவு பார்த்த பின் இக்னிஷனை மட்டும் போட்டுப் பின் சீட் பக்கம் காது கொடுங்கள். பல பெட்ரோல் கார்களில் இரண்டு நொடி 'ம்ம்' என்ற பம்ப் சத்தம் வரும். வரவே இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, பிறகு பம்ப் என்ற வரிசையில் தேடுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு கிராங்க் செய்தால் (ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றினால்) பெட்ரோல் தெளிப்பு நின்றுவிடும். ஐந்து நொடி அப்படிச் சுற்றினால் காய்ந்த பாகங்களுக்கு ஆயில் ஏறும், பிளக் நனைந்திருந்தாலும் காயும். எந்த முறையும் பத்து நொடிக்கு மேல் கிராங்க் வேண்டாம்; நடுவில் ஒரு நிமிடமாவது ஸ்டார்ட்டர் ஆறட்டும்.

நோகோ ஜிபி40 போன்ற கையடக்க லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டரை இதற்கு மாற்றாகப் பலர் கேட்கிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை. அது 1000 ஆம்பியர் உச்சம் வரை தந்து காரை அந்த நேரத்துக்குக் கிளப்பும், பேட்டரியை நிரப்பாது. பேட்டரி 3 வோல்ட்டுக்கும் கீழே போயிருந்தால் ஜம்ப் ஸ்டார்ட்டரைக் கையால் வேறு முறைக்கு மாற்ற வேண்டும். அந்த முறையில் தவறான இணைப்பைத் தடுக்கும் பாதுகாப்பு வேலை செய்யாது, ஆகவே முனைகளை இரண்டு முறை சரிபாருங்கள். கிளப்பிய பிறகு அரை மணி நேரம் ஓட்டினால் போதும் என்பதும் தவறு. அடியோடு இறங்கிய பேட்டரியை நிரப்புவது ஆல்டர்னேட்டரின் வேலை இல்லை. அது சூடேறி உழைக்கும், பேட்டரியும் அரைகுறையாகவே நிற்கும். ஜம்ப் கொடுத்துக் கிளப்பிய அன்றே எம்எக்ஸ்எஸ்ஸில் ஓர் இரவு போட்டு, கழற்றிச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6-க்கு மேல் நின்றால் பேட்டரி தப்பியது. 12.4 என்றால் இன்னொரு இரவு போடுங்கள். முழு சார்ஜுக்குப் பிறகும் 12.2-க்கு மேல் நிற்காத பேட்டரியோடு நீண்ட பயணம் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.