நிக்கலா, இரிடியமா: பெட்ரோல் காரில் ஸ்பார்க் பிளக் அனுபவம்

என்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருவது ஸ்பார்க் பிளக். அதன் முனை சாதா நிக்கலிலோ, விலை கூடிய இரிடியம் என்ற உலோகத்திலோ இருக்கும். இரிடியம் பிளக் போட்டால் பிக்கப் பறக்கும், மைலேஜ் கூடும் என்று கடையில் சொல்வார்கள். எங்கள் பெட்ரோல் ஸ்விஃப்ட்டில் முதலில் நிக்கல், அப்புறம் இரிடியம் என இரண்டையும் வருஷக்கணக்கில் ஓட்டிவிட்டேன். மைலேஜில் வித்தியாசம் எதுவும் இல்லை. தேய்ந்த பிளக்கை மாற்றியதும் வண்டி இதமாக ஓடும். அந்தப் பெருமையை இரிடியத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

இரிடியத்தில் கிடைக்கும் லாபம் ஆயுள்தான். அது உருக 2,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அதனால்தான் பொறி கிளம்பும் நடுமுனையை 0.6 மி.மீ. அளவுக்கு மெல்லிசாக வைக்க முடிகிறது. சாதா நிக்கல் பிளக்கில் அது 2.5 மி.மீ. பழைய நிக்கல் செட்டைக் கழற்றியபோது முனையின் விளிம்புகள் மழுங்கி உருண்டிருந்தன, கேப், அதாவது பொறி தாவும் இடைவெளி, அகன்றுபோய் அதை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு லொடலொடவென்று ஆடியது. இரிடியம் செட் அதைவிட அதிக தூரம் ஓடியும் கேப் அப்படியே இருக்கிறது. அடிக்கடி நெடுந்தூரம் போகிறவர்களுக்கு அந்தக் கூடுதல் விலை நியாயமானதே. வாரத்தில் இரண்டு நாள் கடைவீதிக்குப் போய்வரும் காருக்கு நிக்கலே போதும்.

எந்த உலோகம் என்பதைவிட ஹீட் ரேஞ்ச்தான் முக்கியம். பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதைச் சொல்லும் எண் அது. முனை சுமார் 450 டிகிரிக்குக் கீழே இருந்தால் கரி எரியாமல் படியும். 800-ஐத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும், பிஸ்டனுக்கே ஆபத்து. குழப்பம் என்னவென்றால், என்ஜிகே, டென்சோ பிராண்டுகளில் எண் கூடக் கூட குளிர்ந்த பிளக், அதாவது சூட்டை வேகமாகக் கடத்துவது. பாஷில் எண் கூடினால் சூடான பிளக். என்ஜிகேயின் 6-க்கு இணை டென்சோவில் 20, பாஷில் 7. பிராண்ட் மாற்றும்போது எண்ணைப் பார்த்து ஒப்பிடாதீர்கள். மேனுவலில் உள்ள முழுக் குறியீட்டைச் சொல்லி இணையான பிளக்கைக் கேளுங்கள். என்ஜிகேயில் கடைசியில் வரும் -11 என்பது 1.1 மி.மீ. கேப்.

மாட்டும்போது என்ஜின் நன்றாக ஆறியிருக்கட்டும், ஹெட் அலுமினியம் என்பதால் சூட்டில் திரெட் கெட்டுவிடும். முதல் சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். திரெட் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் கையிலேயே தெரிந்துவிடும். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். செராமிக் மூக்கு பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. காய்ந்த கரி அப்பியிருந்தால் புதுப் பிளக் வாங்க ஓடாமல், முதலில் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள், காற்று போதாவிட்டாலும் கரி படியும்.