பகலில் நீள் வெளிப்பாடு: என்.டி. ஃபில்டரா, பல படங்களின் அடுக்கா?

கொடைக்கானல் மலைச்சாலையிலுள்ள வெள்ளி அருவியைப் பகல் வெளிச்சத்தில் நீள் வெளிப்பாட்டில், அதாவது ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்தது போல, வெண்பட்டாகப் படமெடுக்க விரும்பும் பலர், தங்கள் சிறிய டிஜிட்டல் கேமராவுக்கு என்.டி. ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி) வாங்குவதா, பல படங்களை எடுத்துக் கணினியில் ஒன்றாக்குவதா என்று தயங்குகிறார்கள். இத்தகைய கேமராக்கள் பலவற்றில் லென்ஸின் துளையை எஃப்/8 அளவுக்கு மேல் சுருக்கி ஒளியைக் குறைக்க இயலாது என்பதால், ஏதேனும் ஒரு வழி தேவைப்படுகிறது. இரண்டுக்கும் முக்காலி கட்டாயம்.

செலவு
ஃபில்டர்: லென்ஸில் ஃபில்டரைத் திருகும் மரை இல்லையென்றால் இணைப்புக் குழாயும் வாங்க வேண்டும்.
அடுக்கு: கிம்ப் என்னும் இலவச மென்பொருள் போதும்.

உழைப்பு
ஃபில்டர்: 6 ஸ்டாப் ஃபில்டர் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியைப் பாதியாக்குவது) 1/60 விநாடி வெளிப்பாட்டை ஏறத்தாழ 1 விநாடியாக்கும்; 10 ஸ்டாப் என்றால் 16 விநாடிக்கு மேல் போகும். அவ்வளவு இருட்டில் ஃபோகஸ் தடுமாறுவதால், அதை முன்கூட்டியே நிலைநிறுத்திவிட வேண்டும்.
அடுக்கு: இரண்டாம் படத்துக்கு 50 விழுக்காடு, மூன்றாவதற்கு 33, நான்காவதற்கு 25 என ஒளிபுகாத் தன்மையைக் குறைத்துக்கொண்டே அடுக்க வேண்டும், பொறுமை வேண்டிய வேலை.

தரம்
ஃபில்டர்: மலிவானவை நிறத்தைத் திரிக்கின்றன.
அடுக்கு: 16 படங்களைச் சராசரியாக்கினால் புள்ளியிரைச்சல் (படத்தில் மணல்போலத் தோன்றும் புள்ளிகள்) நான்கில் ஒரு பங்காகிறது, சிறிய சென்சாருக்கு இது பெரும் பேறு என்றே கருதுகிறேன். ஆனால் படங்களுக்கிடையே இடைவெளி விழுவதால், நகரும் மேகத்தின் விளிம்பு படிப்படியாகத் தெரியும்.

ஆகவே அருவிக்கு அடுக்கு முறையையே பரிந்துரைப்பேன். கொடைக்கானலின் தூண் பாறைகளைத் தழுவிச் செல்லும் மூடுபனியே இலக்கு என்றால் 10 ஸ்டாப் ஃபில்டரை வாங்குங்கள்.