ரயிலா, பேருந்தா, சொந்த வண்டியா? காலையில் போய் இரவுக்குள் திரும்பும் பயணத்துக்கு எது தோது

70 கிலோமீட்டர் தள்ளி ஒரு சிறிய ஊர். காலையில் கிளம்பி, சுற்றிப் பார்த்து, இரவு தூங்க வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ரயில், பேருந்து, கார், பைக் என நான்கு வழியும் இருக்கிறது. எதை எடுப்பது?

கால அட்டவணையை மட்டும் பார்த்தால் ரயில் 65 நிமிடம், பேருந்து 2 மணி நேரம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் கணக்கை வீட்டு வாசலிலிருந்து அந்த ஊரின் நடுத்தெரு வரைக்கும் போட வேண்டும். ரயிலுக்கு: வீட்டிலிருந்து ஸ்டேஷன் 25 நிமிடம், நடைமேடையில் காத்திருப்பு 15, வண்டியில் 65, அங்கே ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் 20. மொத்தம் 2 மணி 5 நிமிடம். பேருந்துக்கு: நிலையம் போக 20, காத்திருப்பு 10, சராசரி 35 கிலோமீட்டர் வேகத்தில் 2 மணி நேரம், இறங்கி நடக்க 5. மொத்தம் 2 மணி 35 நிமிடம். கார் 50 கிலோமீட்டர் சராசரியில் 1 மணி 25 நிமிடம், நிறுத்த இடம் தேடி நடக்க 15, ஆக 1 மணி 40. பைக்கும் வழியில் ஒரு நிறுத்தத்தோடு கிட்டத்தட்ட அதே அளவுதான். இவை மாதிரி எண்கள். உங்கள் ஊர், உங்கள் சாலைக்கு ஏற்ப மாற்றிப் போட்டுப் பாருங்கள். நான்குக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

ஒரு வழிக்கு ஆகும் அந்த ஒரு மணி நேரத்தைக் காலையில் ஒரு மணி முன்னதாக எழுந்தும், இரவில் வீடு சேர்வதை ஒரு மணி தள்ளியும் சரிக்கட்டிவிடலாம். அதனால் வேகத்தை வைத்து முடிவெடுப்பது வீண். முடிவை மாற்றுவது இரண்டே விஷயங்கள்: மாலையில் திரும்பி வர எத்தனை வாய்ப்பு இருக்கிறது என்பதும், ஊரில் இறங்கும்போது உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்பதும்.

தெம்பைப் பொறுத்தவரை ரயிலுக்கு இணை எதுவும் இல்லை. எழுந்து நடக்கலாம், காலை நீட்டலாம், பெரும்பாலான வண்டிகளில் கழிப்பறையும் இருக்கும். முதியவர்களோ சின்னப் பிள்ளைகளோ கூட வந்தால் மற்ற கணக்கெல்லாம் பார்க்காமல் ரயிலில் போய்விடுங்கள். அதன் குறை வண்டிகளின் எண்ணிக்கை. சிறிய ஊர்களில் நாளுக்கு மூன்று நான்கு வண்டிகள்தான் நிற்கும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது நான்கு மணி நேரம் கழித்து. பேருந்து அரை மணிக்கு ஒன்று என்றால், தவறவிட்டாலும் இழப்பு அதிகபட்சம் அரை மணி. இன்னொன்று, எல்லா வண்டியும் எல்லா நாளும் ஓடாது. அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தோ குறியோதான் அது எந்தெந்த நாளில் ஓடும் என்று சொல்வது. போகும் வண்டிக்கு அதைப் பார்ப்பவர்கள்கூடத் திரும்பும் வண்டிக்குப் பார்ப்பதில்லை. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான், அதுவும் ஞாயிறு மாலைகளில்.

ஸ்டேஷன் ஊருக்குள் இருக்கும் என்றும் நம்பிவிடக் கூடாது. தண்டவாளத்துக்கு அதிக ஏற்ற இறக்கம் இல்லாத, திறந்த நிலம் வேண்டும். அதனால் பழைய ஊர்கள் பலவற்றில் ஸ்டேஷன் ஊரின் விளிம்பிலோ, ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளியோதான் இருக்கும். வரைபடத்தில் ஊர்ப் பெயரும் ஸ்டேஷன் பெயரும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாந்தால், நடுப்பகல் வெயிலில் அந்தத் தூரத்தை நடந்துதான் தீர்க்க வேண்டும்.

பேருந்தின் பலம் அடிக்கடி கிடைப்பதும், ஊரின் நடுவே இறக்கிவிடுவதும். பலவீனம் நெரிசல். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீங்கள் போகும் ஊர் பேருந்து புறப்படும் இடமா, வழியில் நிற்கும் இடமா? வழி நிறுத்தமாக இருந்தால் விடுமுறை நாள் மாலையில் வண்டிகள் ஏற்கனவே நிரம்பித்தான் வரும். அரை மணிக்கு ஒன்று என்று பலகையில் எழுதியிருந்தாலும், ஏற முடியாத இரண்டு வண்டிகள் போனால் அது ஒன்றரை மணிக்கு ஒன்று என்று ஆகிவிடும். அந்த ஊரிலிருந்தே கிளம்பும் பேருந்து நாளுக்கு இரண்டு மூன்றுதான் என்றாலும், உட்கார்ந்து வர அதுவே வழி. காலையில் இறக்கிவிடும் ஓட்டுநரிடமோ நடத்துநரிடமோ, "இங்கிருந்தே எடுக்கிற வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிடுங்கள். பலகையில் இல்லாத பதில் அவர்களிடம் கிடைக்கும்.

உட்காரும் பக்கத்தையும் முன்கூட்டியே முடிவு செய்யலாம். ஊர் உங்களுக்கு வடக்கே இருந்தால், காலையில் போகும்போது கிழக்கு வலக்கைப் பக்கம், மாலையில் தெற்கு நோக்கித் திரும்பும்போது மேற்கும் வலக்கைப் பக்கம். இரண்டு வேளையும் இடப்பக்கம்தான் நிழல். ஊர் தெற்கே இருந்தால் அப்படியே தலைகீழ்: இரண்டு வேளையும் வலப்பக்கம். குளிர்சாதனம் இல்லாத பேருந்தில் இரண்டு மணி நேரம் கன்னத்தில் வெயில் அடித்தால், இறங்கும்போதே பாதி நாள் முடிந்த களைப்பு வந்துவிடும்.

சொந்தக் காரில் போகிறவர்களுக்குத் திசைக் கணக்கு இன்னும் முக்கியம். ஊர் கிழக்கே இருந்தால் காலையில் எதிர் வெயில், மாலையில் திரும்பும்போதும் எதிர் வெயில். தாழ்ந்த சூரியன் கண்ணாடியில் நேராக விழும் நேரத்தில், கண்ணாடியில் தூசியும் சேர்ந்தால் எதிரே வரும் சைக்கிள்கூடக் கடைசி நொடியில்தான் தெரியும். மேற்கே உள்ள ஊர் என்றால் இரு வேளையும் சூரியன் முதுகுக்குப் பின்னால். கிழக்கு ஊருக்குக் காரில் போவதானால் விடியும் முன்பே கிளம்பிவிட வேண்டும், அல்லது கிளம்பும் முன் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைக்கவாவது வேண்டும். உள்பக்கத்தில் படியும் மெல்லிய புகைப்படலம்தான் கூச்சத்தைப் பெரிதாக்குவது. அதைப் பலர் துடைப்பதே இல்லை.

காரை நிறுத்தும்போது காலையில் இருக்கும் நிழலை நம்ப வேண்டாம். காலை நிழல் மரத்துக்கு மேற்கே விழும், பிற்பகலில் கிழக்கே போய்விடும். நாள் முழுக்க நிற்கப்போகும் வண்டியை மரத்துக்கோ சுவருக்கோ கிழக்குப் பக்கம் விடுங்கள். காலையில் கொஞ்சம் காய்ந்தாலும், திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே அனல் அடிக்காது. பழைய தெருக்களுக்குள் காரை நுழைக்கவே வேண்டாம். ஊரின் விளிம்பில் விட்டுவிட்டு நடப்பதுதான் நல்லது, ஏனென்றால் குறுகிய தெருவில் எதிரே ஒரு சரக்கு வண்டி வந்தால் பின்னோக்கி எடுக்க வேண்டியது நீங்களாகத்தான் இருக்கும்.

காரின் உண்மையான விலை ஓட்டுபவரின் நாள். மற்றவர்கள் ஊர் பார்ப்பார்கள், அவருக்குச் சாலைதான். பிற்பகல் 2 மணியிலிருந்து 4 மணி வரை உடம்பு இயல்பாகவே தூக்கத்துக்கு இழுக்கும், சாப்பிட்ட பிறகு இன்னும் அதிகமாக. அந்த நேரத்தில் திரும்பும் பயணத்தைத் தொடங்கக் கூடாது. ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால், அல்லது நான்கைந்து பேர் சேர்ந்து போனால், அல்லது பார்க்க வேண்டிய இடங்கள் ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் சிதறிக் கிடந்தால் கார் சரி. ஒருவரோ இருவரோ போய், நடந்தே பார்த்துவிடக் கூடிய ஊர் என்றால் கார் சுமைதான். எங்கே நடந்தாலும் கடைசியில் நிறுத்திய இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும்.

பைக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 50, 60 கிலோமீட்டருக்குள் என்றால் அருமை. அதற்கு மேல் போகப் போக, போக வர ஆகும் அலுப்பு ஊர் பார்க்கும் ஆசையைத் தின்றுவிடும். பின்னால் ஆள் இருந்தால் பின் டயரின் காற்றழுத்தத்தை, கையேட்டில் இருவருக்கெனச் சொன்ன அளவுக்கு வையுங்கள். அளப்பது டயர் சூடாவதற்கு முன் இருக்க வேண்டும். மழை வரும் போலிருந்தால் அன்றைக்கு மட்டும் பேருந்து.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால், பெரும்பாலோருக்குப் பொருந்துவது இரண்டையும் கலந்த வழி: போகும்போது ரயில், திரும்பும்போது பேருந்து. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும் நேரம் முழுக்க உங்கள் கையில். குறித்த நேர வண்டியைப் பிடிப்பது சிரமமில்லை. மாலை எப்போது முடியும் என்பது உங்கள் கையில் இல்லை. ஓரிடத்தில் எதிர்பாராமல் நேரமாகும், யாருக்காவது கால் வலிக்கும். அப்போது தேவைப்படுவது அடிக்கடி கிடைக்கும் வண்டி. போக வர ஒரே டிக்கெட்டாக எடுத்து வைத்தால் இந்தச் சுதந்திரம் போய்விடும்.

நாளைத் திட்டமிடுவதைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். கடைசி வண்டி இரவு 8 மணிக்கு என்றால், அதற்கு முந்தைய வண்டியைத்தான் உங்கள் வண்டியாக வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி வண்டி ரத்தானால் கைகொடுக்க வேறு எதுவும் இல்லை. முந்தையது 7 மணிக்கு என்றால் 6.40க்கு நிலையத்தில் இருக்க வேண்டும். காலை 8.30க்கு ஊரில் இறங்கினால் கையில் இருப்பது பத்து மணி நேரம் போலத் தோன்றும். சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி, உச்சி வெயிலில் உட்கார ஒரு மணி, இடம் விட்டு இடம் நடக்க ஒன்றரை மணி கழித்தால் ஆறு மணி நேரம்தான் மிச்சம். வரைபடச் செயலி நடைவேகத்தை மணிக்கு 5 கிலோமீட்டர் போலக் கணக்கிடும். நின்று பார்த்து நடப்பவர்களுக்கு 2, 3 கிலோமீட்டர்தான் ஆகும். அந்த ஆறு மணி நேரத்தில் மூன்று இடங்களை நன்றாகப் பார்க்கலாம். வழியில் இருக்கிறதே என்று இரண்டாவது ஊரைச் சேர்த்தால், இறங்க ஏற, வழி கேட்க என்று மட்டும் இன்னொரு ஒன்றரை மணி போகும், இரண்டு ஊரும் அரைகுறையாக நிற்கும்.

அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமை மூடியிருக்கும். வழிபாட்டு இடங்கள் சில மதியம் மூடி மாலையில் திறக்கும். மூடும் நேரத்துக்கு அரை மணி, ஒரு மணி முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடும் இடங்களும் உண்டு. அதனால் மூடக்கூடிய இடம் முதலில், திறந்தவெளியும் தெருக்களும் மாலைக்கு.

வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கூகுள் மேப்ஸில் இணையம் இல்லாதபோது கிடைப்பது வண்டியில் போவதற்கான வழி மட்டுமே. நடைவழியும் பேருந்து நேரமும் வராது. நடந்து சுற்றுவதற்கு, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடத்தின் தரவில் ஓடும் ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலி ஒன்றும் இருக்கட்டும். ஊரில் இறங்கியதும் வேறெதற்கும் முன், திரும்பும் வண்டியின் நேரப் பலகையை போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அது எந்த இடத்தில் வந்து நிற்கும் என்பதையும் அங்கேயே கேட்டு வைத்துவிடுங்கள். இறங்கிய இடத்துக்கு எதிர்ப்புறமாகவோ, அடுத்த தெருவாகவோ இருக்கலாம், மாலை இருட்டில் அதைத் தேட நேரம் இருக்காது.